பேத்திக்குத் தெரியாத புருவம்

முதன்முதலில் இதை என்னிடம் சொன்னது ஸ்டுடியோக்காரர் ஆவுடையப்பன். போன வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள். காப்பீட்டு அட்டைக்குப் போட்டோ கேட்கிறார்கள் என்று எங்க வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஸ்டூலில் உட்கார வைத்து, நாடியைத் தூக்குங்க, தோளை இறக்குங்க என்று ஆயிரம் சொல்லிவிட்டு கேமராவுக்குள் பார்த்தார். பார்த்தவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, உங்களுக்குப் புருவமே படத்துல விழ மாட்டேங்குதே. மை இருந்தா லேசா இழுத்துக்கிடுங்க" என்றார்.

நீங்களே சொல்லுங்க. ஐம்பத்தொன்பது வயது மனுஷி, மருமகள் எடுத்தவள், அவளிடம் போய் மை இழுத்துக்கொள் என்று ஒரு ஆம்பளை சொல்லலாமா? இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்க. பஸ்ஸை இப்போதைக்கு எடுக்க மாட்டான், டிரைவர் டீக்கடையில்தான் நிற்கிறார். நீங்களும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குத்தானே? நல்லது.

மை கிடையாது என்றேன். சரி, கம்ப்யூட்டரில் நானே வரைந்து விடுகிறேன் என்று வரைந்தும் விட்டார். படத்தைப் பார்த்தால், நான் யாரையோ வைதுகொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. எங்க வீட்டுக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்பத்தான் அச்சு அசலா இருக்கு என்றார். அவருக்கு அவ்வளவுதான் புத்தி. ஆவுடையப்பனும் நல்லா இருக்கட்டும். நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. விடிந்தால் விளக்கு, பொழுது சாய்ந்தால் விளக்கு, செவ்வாய் வெள்ளி விரதம். என் வாயிலிருந்து ஒருத்தரைப் பற்றி ஒரு சொல் வராது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மூக்குப் பக்கம் நாலு முடி நின்றது. காதுப் பக்கம் ஒன்றும் இல்லை, கடலை பிடுங்கின காடு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. எப்போது போனது, எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். புருவத்தைப் பார்த்தா அம்மன் உள்ளே விடுகிறாள்?

அப்படியே இருந்திருப்பேன். பங்குனியில் பேத்தி பிறந்தாள்.

எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணு செல்வக்கனி, திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பையன் கதிரேசன் மதுரையில் வேலை. மருமகள் பேர் தாரணி, மதுரைக்காரிதான். அவள் அம்மா இந்துமதி, டீச்சராக இருந்து ஓய்வு வாங்கினவள். பேத்திக்கு இனியா என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்க குலதெய்வத்தின் பேரை வையுங்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும்.

இந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது அவளுக்கும் என்னை மாதிரித்தான் புருவம். நான்கூட நமக்கு ஏற்ற சம்பந்தி என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற மறுமாதம் எங்கோ போய் ஊசியால் குத்திக்கொண்டு வந்துவிட்டாள். பச்சை குத்துவார்கள் இல்லையா, இதோ என் கையில் இருக்கிறதே, அந்த மாதிரி. அழியவே அழியாதாம். ரெண்டும் கரண்டிக் காம்பு தடிமன். அதுவும் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே. எப்போது பார்த்தாலும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டுப் போன முகம். என் நாத்தனார் செத்துப் போன சேதியைச் சொன்னோம், அப்போதும் அதே முகம். துக்க வீட்டில் அவளைப் பார்த்து ரெண்டு பேர் சிரித்தே விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவளும் நல்லா இருக்கட்டும்.

பிள்ளைக்கு மூன்று மாசம் இருக்கும்போது போயிருந்தேன். தொட்டில் பக்கம் குனிந்து, கண்ணு, அப்பத்தா வந்திருக்கேன் பாரு என்கிறேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைத் தாண்டி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்கிறது. இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன். சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து, ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தக் கரண்டிக் காம்பு ரெண்டையும் ஏற்றி இறக்கினாள். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறது. கால் ரெண்டையும் உதறிக்கொண்டு சிரிக்கிறது.

தாரணி எனக்கு விளக்கம் சொன்னாள். இந்த வயதில் பிள்ளைக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் நன்றாகத் தெரியுமாம். கண், புருவம், நெற்றியில் முடி தொடங்குகிற இடம், இதை வைத்துத்தான் முகத்தைப் பிடிக்குமாம். "உங்க முகத்துல அதுக்குப் பிடிமானம் இல்ல அத்தை, போகப் போகச் சரியாயிரும்" என்றாள். கேட்டுக்கொண்டீர்களா? ரெண்டு பிள்ளை பெற்று வளர்த்த முகத்தில் பிடிமானம் இல்லையாம். படித்த பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டாள். நல்லா இருக்கட்டும்.

ஊருக்கு வந்து நான் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். அது உடம்புச் சூட்டுக்கு எல்லோரும் வைக்கிறதுதானே. தலையணை உறை ரெண்டும் பிசுபிசுத்துப் போனதுதான் மிச்சம். செல்வக்கனியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் போனில் ஒரு படத்தை அனுப்பினாள். அதில் ஒருத்தி சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறெடுத்துப் புருவத்தில் தேய்க்கிறாள், ஒரே மாதத்தில் காடாக வளருமாம். அவளுக்கு வயது இருபதுகூட இருக்காது, ஏற்கெனவே காடாகத்தான் இருந்தது. நானும் அரைத்தேன். கண் ரெண்டும் எரிந்து, அடுப்படிக்கும் குழாயடிக்கும் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். தோல் உரிந்து, இருந்த நாலு முடியில் ரெண்டு போச்சு. எங்க வீட்டுக்காரர், ராத்திரி ஆம்லெட் வாசம் வருதே என்கிறார்.

அப்புறம் விருதுநகரில் ஒரு தோல் டாக்டர். பொம்பளை டாக்டர்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். தைராய்டு இருந்தால் ஓரத்துப் புருவம் உதிருமாம், எனக்கு அது இல்லையாம். வயசானா இப்படித்தாம்மா, தலைமுடி மாதிரி இதுவும் மெலியும் என்று ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தாள். பலன் தெரிய நாலைந்து மாசம் ஆகும், நிறுத்தினால் திரும்ப உதிரும் என்றாள். அதுக்கு ஒரு படிப்பு! நாலைந்து மாசத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடும், தவழ்ந்துவிடும். யார் அப்பத்தா, யார் அம்மாச்சி என்று அது முடிவு பண்ணின பிறகு எனக்குப் புருவம் எதற்கு? எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது, பார்த்திருப்பீங்க. வெறுமனே கேட்டு வரலாம் என்றுதான் ஏறினேன். அந்தப் பிள்ளை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதல்ல ஷேப் பண்ணிரலாமா ஆன்ட்டி என்கிறது. ரெண்டு முடியில் எதை ஷேப் பண்ணுவாய் என்று கேட்டேன்.

இதெல்லாம் எப்படியோ டீச்சர் காதுக்குப் போய்விட்டது. செல்வக்கனிதான் தாரணியிடம் சொல்லியிருப்பாள், ரெண்டும் போனில் பேசிக்கொள்ளும். ஆவணியில் கதிரேசன் புது வீடு பால் காய்ச்சினான். நாலு சொந்தக்காரர்கள் இருக்கிற இடத்தில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, எனக்கும் உங்கள மாதிரித்தான் இருந்துச்சு. ஒருநாள் கிளாஸுக்குள்ள போறேன், புருவம் இல்லாம என் மூஞ்சிய போர்டுல வரைஞ்சு வச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்கதான், ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்க வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். மரத்துப் போற களிம்பு போட்டுத்தான் குத்துவாங்க, வலிக்காது" என்றாள்.

பார்த்தீர்களா நெஞ்சழுத்தத்தை? தன்னைப் பிள்ளைகள் கேலி பண்ணின கதையை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? என்னையும் ஊர் கேலி பண்ணுகிறது என்று குத்திக் காட்டத்தானே. நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போடவும் வராது. "அம்மன் குடுத்தது போதும் மதினி. ஊசி குடுத்தது எனக்கு வேண்டாம்" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வருத்தப்பட்டாளா என்று கேட்கிறீர்களா? அவளுக்குத்தான் எப்போதும் ஒரே முகம் ஆயிற்றே, நான் எப்படிக் கண்டேன்.

வண்டி கிளம்பிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்க, இந்த டிரைவர் திருப்பத்தில் ஒடித்துத் திருப்புவார்.

புரட்டாசியில்தான் அது நடந்தது. என் பிள்ளைகளுக்கு நான் கடையில் மை வாங்கினதே இல்லை. வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்துத் திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, அந்தப் புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்துச் சுரண்டி எடுப்பேன். கதிரேசனுக்கு இன்றைக்கு இருக்கிற புருவம் நான் மை போட்டு, விரலால் நீவி நீவி விட்ட புருவம். அந்தக் கைதானே, மறந்தா போகும்? ஒரு சிமிழ் செய்தேன். வாசத்துக்கு ஒரு துளி பச்சைக் கற்பூரம். எங்க வீட்டுக்காரரோடு மதுரைக்குப் போய், அவர்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே ரெண்டு புருவம் இழுத்தேன். டீச்சர் மாதிரி தடிமனாக இல்லை. கொஞ்சம்தான் தடிமன்.

வெளியே வந்தேன். பிள்ளைக்கு ஆறு மாசம், பாயில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தது.

பார்த்தது, தாயி. ஃபேனை இல்லை, சுவரை இல்லை, என்னைப் பார்த்தது. நான் ஏற்றினேன், இறக்கினேன். கெக்கே என்று ஒரு சிரிப்பு. ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் தாவுகிறது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஏற்றுவேன், அது சிரிக்கும். இறக்குவேன், அது சிரிக்கும். ஒரு கால் மணி நேரம் இருக்கும். டீச்சர் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் ரெண்டு தடவை ஏற்றி இறக்கினேன்.

பிள்ளை கையை நீட்டி என் புருவத்தைப் பிடித்தது. பிடித்த கையோடு தன் கண்ணைக் கசக்கிவிட்டது.

அது கத்தின கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. முகம் பூரா கறுப்பு, ஒரு கண் திறக்கவில்லை. கற்பூரம் எரிந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கழுவிவிட்டு, சொட்டு மருந்து கொடுத்து, பயமில்லை, நாலு நாளில் சிவப்பு போய்விடும் என்று அனுப்பினார்கள். அப்படியே போயும்விட்டது. ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்ததும் தாரணி என் முன்னால் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அத்தை, இனிமே பாப்பாவத் தூக்கணும்னா உங்க நெத்தியில, புருவத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. குங்குமமும் சேத்துத்தான்" என்றாள். ஒரு சுமங்கலியைப் பார்த்து, தாலி கட்டினவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குங்குமத்தைத் துடை என்கிறாள். டீச்சர் உடனே, பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாதே என்று மகளை அதட்டினாள். எல்லாம் நடிப்பு. கதிரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றுதான் சொன்னார்கள், சும்மா பேச்சுக்கு.

நாலு மாசம் ஆகிறது. கதிரேசன் வருவான், தனியாக வருவான். போனில் பிள்ளையைக் காட்டுவான். போனில் அது நம்மை எங்கே பார்க்கிறது, போனையே பிடுங்கி வாயில் வைக்கப் பார்க்கும். நான் போகவில்லை. ஒருதடவை மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, பஸ் கிளம்பும் முன்னால் இறங்கிவிட்டேன். தலை சுற்றியது.

பிள்ளைக்குக் கண் எரிந்த அன்றைக்கே இந்த மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டேன். அதற்கு முன்னால் அவளிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. அதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. எத்தனையோ பேர் கண் தெரியவில்லை என்று வந்து படுத்துக் கிடக்கிற சன்னதியில் நின்று, எனக்குப் புருவம் கொடு தாயே என்று கேட்டிருக்கிறேன். மூன்று வெள்ளிக்கிழமை கேட்டேன். விடுங்க.

இன்றைக்குப் பிள்ளைக்கு முதல் முடி எடுத்துக் காது குத்துகிறார்கள். குலதெய்வம் கோயில், எங்கள் பக்கத்து வழக்கம், அதை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. நேற்று தாரணியே போன் பண்ணினாள். "முடி எடுத்ததும் அப்பத்தாதான் மடியில வச்சுச் சந்தனம் பூசணும். நீங்க வந்தாத்தான் அத்தை" என்றாள். புருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

காலையில் மதுரையிலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. எனக்கும் இடம் போட்டுத்தான் வந்தார்கள். நான்தான் எங்க வீட்டுக்காரரை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வருகிறேன் என்றேன். வெளியே வர முடியவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நீங்கள் யாரோ, நான் யாரோ. விடியக்காலம் எழுந்து குளித்து, விளக்கேற்றி, அந்தச் சிமிழைத் திறந்து ரெண்டு புருவமும் இழுத்துவிட்டேன். நாலு மாசமாகப் பார்க்காத பிள்ளை. வெறும் மூஞ்சியோடு போய் நின்றால் அதற்கு நான் யாரென்று தெரியும்? மொட்டை போட்ட எரிச்சலில் அழுகிற பிள்ளை, மடியில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீச்சரிடம் தாவினால், அத்தனை பேர் முன்னால் நான் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

கார் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் கத்தல் வந்துவிட்டது காதில்.

குழாயடிக்குப் போய்த் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் போட்டு ஒருதடவை, கடலைமாவு போட்டு ஒருதடவை, சீயக்காய் போட்டு ஒருதடவை. குங்குமத்தை வகிட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன், அது அவள் சொன்னதற்காக இல்லை, இன்றைக்கு வெயில் அதிகம், வேர்த்தால் வழியும். மை இல்லாமல் போனால் பிள்ளை என்னைப் பார்க்காது. மை இருந்தால் தாரணி கையில் கொடுக்க மாட்டாள். பார்க்காவிட்டாலும் போகிறது, மடியில் இருக்கட்டும்.

ஆற்றுப் பாலம் வந்துவிட்டது, அந்தா தெரிகிறது கோபுரம். எனக்குக் கிட்டத்துப் பார்வை பத்தாது. வீட்டுக் கண்ணாடியும் இருட்டில் இருக்கிறது, போச்சா போகலையா என்று தெரியவில்லை. உங்கள் விரலைக் கொடுங்க. சும்மா தொட வேண்டாம், பிள்ளை பிடிக்கிற மாதிரி அழுத்தி, ரெண்டு புருவத்திலும் ஒருதடவை தேய்த்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க.